வீட்டில் மின்சாரக் கார் சார்ஜிங்: பாதுகாப்புக்கான அடிப்படைகள்
மின்சாரக் காரை 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் சார்ஜ் செய்யும்போது ஏறத்தாழ 3 கிலோவாட் சுமை பல மணி நேரம் இடைவிடாமல் நீடிப்பதால், சிறிது நேரமே ஓடும் வாட்டர் ஹீட்டரைத் தாங்கிய பழைய வயரிங்கும் சூடேறிவிடக்கூடும். பிளக்கின் பித்தளைக் கால்கள் சாக்கெட்டுக்குள் தளர்வாக இருந்தால், அந்த இடத்தில் மின்தடை கூடி, வெப்பம் பெருகி, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கும் என்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அறவே தவிர்த்து, மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தகுந்த கனமுள்ள தனி வயர் இழுப்பது இன்றியமையாதது. அந்த இணைப்பில், அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும், மனித உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் நொடிப்பொழுதுக்குள் இணைப்பை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்திங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது குடும்பத்தாரின் உயிரைக் காக்கும் கடமையாகும்.