நேர்கோட்டில் நிற்கும் கொல்லிமலை

கொல்லிமலை மேல் ஊர்களைக் கூட்டி ‘நாடு’ என்று சொல்வது வழக்கம். எடப்புளி நாடு அவற்றில் ஒன்று. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகிறவருக்கு இந்த மலையின் உயரத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். காதடைப்பும் வயிற்றுப் புரட்டலும் சொல்லிவிடும். விமானம் ஓட்டப் பழகும் மாணவருக்கோ இதே மலை, மேசைமேல் விரித்த வரைபடத்தில் ஒரு பழுப்புத் திட்டு.

சேலம் விமான நிலையத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் அந்த வரைபடத்தில் பென்சில் கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு சேலம் நகரத்தைக் கடந்து, நாமகிரிப்பேட்டையைத் தொட்டு, கொல்லிமலையின் முதுகில் ஏறி இறங்கித்தான் திருச்சிக்குப் போகிறது. காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம், 2022-இல் விமானப் பயிற்சிப் பள்ளிக்கென இடம் ஒதுக்கப்பட்ட நிலையங்களில் ஒன்று. அங்கிருந்து ஒரு மாணவர் தன்னந்தனியாகத் திருச்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானிகள் பேச்சில் இதற்குப் பெயர் ‘சோலோ கிராஸ் கன்ட்ரி’. பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் இறங்குவது.

வணிக விமானி உரிமம் வேண்டுமென்றால் இந்திய விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரமாவது இப்படி ஊர் விட்டு ஊர் போன பறத்தலாக, விமானத்தின் முழுப் பொறுப்பும் தன் தலையில் இருந்ததாக இருக்க வேண்டும். அந்தப் பயணங்களில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், அதாவது சுமார் 556 கிலோமீட்டர், இருக்க வேண்டும். வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நிற்கவும் வேண்டும். சேலம், திருச்சி, தூத்துக்குடி, மறுபடி சேலம் என்று சுற்றி வந்தால் கணக்குத் தாராளமாகத் தேறிவிடும்.

இந்தப் பயணத்தின் பெரும்பகுதி தரையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேலம் திருச்சி நேர்தூரம் சுமார் 72 கடல் மைல். திசை 148 பாகை, அதாவது தென்கிழக்கை ஒட்டி. பயிற்சிக்குப் பெயர்போன செஸ்னா 172-ஐக் காற்றில் 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 கடல் மைல், ஓட்டுவதாகக் கொள்வோம். ஆடி மாதம். மேற்குத் தென்மேற்கிலிருந்து 20 நாட் காற்று. இந்தத் திசைக்கு அது சரியாக வலது விலாவில் வந்து மோதும். மூக்கை 148-லேயே வைத்துக்கொண்டு போனால் 43 நிமிடம் கழித்து மாணவர் திருச்சியைத் தேடிக்கொண்டிருப்பார். விமானம் லால்குடியையும் தாண்டிப் புள்ளம்பாடிப் பக்கம், திருச்சிக்கு 27 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே மூக்கை வலப்பக்கம் பதினொன்றரைப் பாகை திருப்பி, சுமார் 160-இல் பிடிக்க வேண்டும். பார்த்தால் விமானம் கோணலாகப் போவதுபோல் இருக்கும். தரையில் அதன் நிழல் மட்டும் கோட்டின் மேல் நேராக ஓடும். காவிரியில் பரிசல் போடுகிறவர் எதிர்க்கரைத் துறைக்குச் சற்று மேலே குறிவைப்பாரே, அதே கணக்கு.

புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும். இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. அதை அழுத்திக் கண்ணாடிக் குவளை போன்ற ஒன்றில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் இளநீலம். இரவுப் பனியில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால், குவளையின் அடியில் நிறமற்ற குமிழாக உருண்டு கிடக்கும். குமிழ் தெரிந்தால் கீழே கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும், குவளை முழுக்க நீலமாகிற வரைக்கும். எரிபொருள் முள் என்ன காட்டினாலும், இறக்கைமேல் எட்டி டேங்குக்குள் அளவுக்குச்சியை விட்டும் பார்க்க வேண்டும்.

மேலே போனபின் வேலை குறைவு, கவனம் அதிகம். 14 நிமிடத்தில் நாமகிரிப்பேட்டை வர வேண்டும் என்று தொடையில் கட்டிய அட்டையில் எழுதியிருக்கிறது. வந்ததா? ஊர் வலப்பக்கம் இரண்டு மைல் தள்ளித் தெரிகிறதா? அப்படியானால் காற்று தள்ளியிருக்கிறது. இதைச் சரிசெய்ய விமானிகள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு பாகை. 20 மைலில் இரண்டு மைல் விலகல் என்றால் பிழை ஆறு பாகை. மீதி 52 மைலுக்குள் கோட்டில் போய்ச் சேர இன்னும் இரண்டு பாகை சேர்த்து, மொத்தம் எட்டுப் பாகை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திசை காட்டும் கைரோ கருவி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும் என்பதால், கால் மணிக்கு ஒருமுறை அதைக் காந்த முள்ளோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் மாணவர் வேலை. இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியில் தும்பா அருகே போகிறது. அதனால் நம் பக்கத்தில் காந்த முள் அவ்வளவாகக் கீழே சாய்வதில்லை. ஐரோப்பாவில் பழகும் மாணவரை விமானம் திரும்பும்போதெல்லாம் ஏமாற்றும் அந்தச் சாய்வு, இங்கே பெரிதாகத் தொல்லை தராது.

இப்போது எதிரே மலை.

கொல்லிமலையின் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர். உயர்ந்த பகுதி 4,200 அடிக்கு மேல் வருகிறது. 5,500 அடியில் பறந்தால் மலையில் இடிக்காது, உண்மைதான். ஆனால் நடுமலைக்கு மேலே இன்ஜின் நின்றால்? செஸ்னா 172 ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே மிதந்து போகும். 4,000 அடி மேட்டுக்கு மேல் கையில் இருக்கும் 1,500 அடியை வைத்து நான்கு கிலோமீட்டர்தான் போகலாம். கீழே காபியும் மிளகுக்கொடி ஏறிய மரங்களும் சரிவும். இறங்க இடம் இல்லை. 7,500 அடியில் போயிருந்தால் கையிருப்பு 3,500 அடி. ஒன்பதரைக் கிலோமீட்டர் மிதக்கலாம். மலைவிளிம்பைத் தாண்டிவிட்டால் சமவெளி வயல் கிடைக்கும். இன்ஜின் கோளாறு ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. 2025 நவம்பரில் ஒரு பயிற்சி விமானம் கீரனூர் அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. கீழே சாலை இருந்தது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

காற்றும் மலையிடம் வந்தால் வேறு மாதிரி நடக்கும். தென்மேற்குக் காற்று நாமக்கல் பக்கச் சரிவில் மோதி மேலே ஏறும். மறுபக்கம், புளியஞ்சோலை இருக்கும் துறையூர்ச் சரிவில் அதே காற்று சுழன்றுகொண்டு கீழே விழும். சின்ன விமானத்தின் ஏறும் திறனைவிட அந்த இறக்கம் பலமாக இருந்துவிட்டால், முழு விசை கொடுத்தும் உயரமானி முள் குறைந்துகொண்டே வரும். காற்றைக் கணக்கில் எடுக்காத மாணவர், பாதி வழியில் போய்ச் சேருவது கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள அந்தப் பள்ளத்தில்தான்.

தனியாகப் பறப்பவரைக் காப்பது முன்கூட்டி எடுத்து வைத்ததுதான் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஆகா கான் 500 பவுண்ட் பரிசு வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு. 1930-இல் ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து. எகிப்தில் அபூக்கிரில் இருவரும் சந்தித்தபோது, மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கொண்டிருந்தார். டாட்டா தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி பறந்து போய்ப் பரிசையும் வென்றார். பின்னாளில் இந்திய விமானப் படைக்கே தலைவரானவர் அவர். டாட்டாவின் பெருந்தன்மையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த மாற்றுப் பிளக்குகள்தான் நினைவில் நிற்கின்றன.

நம் மாணவரிடம் திரும்புவோம். ஸ்கேலை எடுத்து இன்னொரு கோடு போடுகிறார். சேலத்திலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து திருச்சி. அளந்தால் 76 கடல் மைல். நேர்வழியைவிட நான்கு மைல் கூடுதல். நேரத்தில் மூன்று நிமிடம்கூட இல்லை. எரிபொருளில் இரண்டு லிட்டர் போலத்தான். அதற்கு ஈடாகக் கிடைப்பது வழியெல்லாம் சமவெளி, மலையின் காற்று மோதும் பக்கம், கீழே துணைக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை, வெயிலில் வரிசையாக மின்னும் கோழிப்பண்ணைக் கூரைகள், ஊர் நடுவே ஒற்றைக் கல்லாக நிற்கும் நாமக்கல் கோட்டைப் பாறை. வழி தவறவே முடியாத அடையாளங்கள். முதல் கோட்டை ரப்பரால் அழிக்கிறார்.

நாமக்கல்லுக்கு மேலே வரும்போது இடப்பக்கம் திரும்பினால் மொத்த மலையும் தெரியும். காலை வெயில் ஏறியும் உச்சியில் மேகம் கலையவில்லை. அந்த மேகத்துக்குக் கீழே எங்கோ எடப்புளி நாடு. நேர்கோட்டில் வந்திருந்தால் இந்நேரம் அந்த வெள்ளைக்குள் நுழைந்திருக்க வேண்டும். மாணவர் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நிமிடத்தைக் குறித்துவிட்டு, மூக்கை இடப்பக்கம் திருப்புகிறார். வலப்பக்கம் தொலைவில், மணல் திட்டுகளோடு அகலமாகக் காவிரி. முக்கொம்பில் அது இரண்டாகப் பிரியும் இடம் கண்ணில் பட்டதும், ரேடியோவில் திருச்சியைக் கூப்பிட வேண்டும்.