ஊர் கூடிப் போட்ட தீர்மானம் எதுவரை செல்லும்?

காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் 2022 ஆகஸ்ட் 15 அன்று கூடிய கிராமசபை, சென்னைக்காகத் திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையம் தங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதன்பின் வந்த கிராமசபைகளிலும் அதே தீர்மானம் மீண்டும் மீண்டும் பதிவேட்டில் ஏறியது. வயல் வேலை முடித்து வந்தவர்கள் மாலைதோறும் ஊர் நடுவே கூடி உட்கார்ந்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்துக்குக் கொள்கையளவிலான ஒப்புதல் அளித்தது. ஜூலையில் முதல் நிலப் பத்திரங்கள் பதிவாயின.

அப்படியென்றால் கிராமசபைத் தீர்மானத்துக்கு என்னதான் மதிப்பு?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராமசபை உறுப்பினர்கள். 73ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்த அவைக்கு உயிர் கொடுத்தது. மாநிலத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு கூட்ட நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் பிறகு சேர்ந்தன. மக்கள்தொகை 500க்குள் இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார். அரசின் சார்பில் வரும் பற்றாளர் நடப்பதைப் பார்த்துப் பதிவு செய்வார்.

இந்த அவையின் முதன்மையான வேலை ஊருக்குத் திட்டம் தீட்டுவது. ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் இங்கேதான் ஒப்புதல் பெறுகிறது. எந்தத் தெருவுக்குச் சிமென்ட் சாலை, எங்கே மேல்நிலைத் தொட்டி, எந்தக் குட்டையைத் தூர்வாருவது என்று ஊர் தன் வருங்காலத்தைக் கணக்குப் போடும் இடம் அது. கையில் இருக்கும் பணமோ சொற்பம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்கூட்டியே கட்டுப்பட்டிருந்தது. அந்தச் சிறிய கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் ஊரின் மீதுதான் 5,000 ஏக்கருக்கும் கூடுதலான ஒரு பெருந்திட்டம் வந்து இறங்குகிறது. ஏகனாபுரம் ஊரே அதன் எல்லைக்குள் போகிறது. தொட்டி எங்கே கட்டலாம் என்று கேட்கும் சட்டம், ஊர் இருக்கலாமா என்று கேட்கவில்லை.

சட்டத்தில் இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஊராட்சியைக் கலந்துபேச வேண்டும், பாதிக்கப்படுவோரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு அதில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. அவற்றில் ஒன்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பரந்தூருக்கு நிலம் எடுக்கப்படுவது இந்த 1997 சட்டத்தின் கீழ்தான். இழப்பீடு மத்தியச் சட்டத்தின் கணக்குப்படி கிடைக்கும். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. விலைக்கு நியாயம் உண்டு, பேச்சுக்கு இடமில்லை என்பதாகவே இதை நான் படிக்கிறேன்.

மீனம்பாக்கம் விமான நிலையம் நெரிசலில் திணறுகிறது, சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவை என்பது அரசின் வாதம். அது அற்பமான வாதமல்ல. ஆனால் நிலத்தின் இயல்பையும் பேச வேண்டும். காஞ்சிபுரம் ஏரி மாவட்டம். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். பல ஏரிகளுக்கு நீர் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயும் திட்டப் பகுதியில் ஓடுகிறது. ஒரு வரத்துக் கால்வாயை மறித்தால் கீழேயுள்ள ஊர்கள் கோடையில் காயும், ஐப்பசி கார்த்திகையில் மூழ்கும். நிலம் கொடுக்கும் 13 கிராமங்களின் பெயர்கள் ஊருக்கெல்லாம் தெரியும். நிலம் போகாமல் நீர் மட்டும் போகக்கூடிய பக்கத்து ஊராட்சிகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2023இல் வந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் இந்தக் கவலையைக் கூட்டியிருக்கிறது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் நீர்நிலை இருந்தால், அந்த நிலத்தை மாற்றிக்கொள்ள அது வழி தருகிறது.

ஒரு தீர்மானம் மலையையே காத்த கதையும் உண்டு. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம் அந்த அவைகளுக்குப் பின்னால் நின்றது. பட்டா நிலத்தில் நெல் விளைவிக்கும் காஞ்சிபுரத்து உழவருக்கு அப்படியொரு சட்டம் துணையில்லை.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்கும் துணையில்லைதான். ஆனாலும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 அன்று அங்குள்ள கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. அங்கே ஊரின் சொல்லை மாநில அரசு கையில் எடுத்துக்கொண்டு டெல்லியிடம் பேசியது. பரந்தூரில் திட்டத்தை முன்னெடுப்பதே மாநில அரசு. ஊருக்காக மேலே பேச யார் இருக்கிறார்கள்?

இப்போதுள்ள சட்டத்துக்குள் ஊராட்சிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கோருகிறது. 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும். வரைவு அறிக்கை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் போக வேண்டும். அங்கே எழும் எதிர்ப்புகள் பதிவாகி, அவற்றுக்குத் திட்டக்காரர் பதில் எழுதியாக வேண்டும். 'திட்டம் வேண்டாம்' என்ற ஒற்றை வரியோடு, எந்தச் சர்வே எண்ணில் மதகு, எந்தக் கால்வாய் எந்த ஏரிக்கு, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, குத்தகைக்கு உழும் நிலமற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் தீர்மானத்தில் எழுதிச் சேர்த்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். பக்கத்து ஊராட்சிகளும் தங்கள் ஏரிகளை வைத்து எழுதலாம். நிலம் போகும் ஊர்கள் மட்டும்தான் பேசலாம் என்று அறிவிக்கையில் எங்கும் இல்லை.

சட்டத்தையும் திருத்தலாம். கிராமசபைத் தீர்மானத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சென்னையில் உள்ள சட்டமன்றமே போதும்.