கறுவாத்தோட்டமும் நம் தோட்டமும்

மரம் செறிந்த இடத்தைச் சோலை என்றும், நிழல் குளிர்ந்த இடத்தைப் பொழில் என்றும், கோயிலுக்குப் பூத்தருவதை நந்தவனம் என்றும் வேறுபடுத்தி வழங்கிய மொழி நம் தமிழ். ‘தோட்டம்’ என்பதும் அவ்வரிசையில் நிற்கும் ஒரு சொல்லே. ஆயினும், சப்பிரகமுவ மலைச்சாரலில் வாழும் தமிழ்ப் பிள்ளையொன்றை அழைத்துத் தோட்டம் யாதெனக் கேட்டுப் பாருங்கள். மலரும் வண்டும் அப்பிள்ளையின் நினைவிற்கு வாரா. பெரட்டுக் களமும், கங்காணியும், கொழுந்துக் கூடையும், தராசும், லயமுமே வரும். நகரத்தார்க்கு உலாவும் இடமாகிய தோட்டம், நம்மவர்க்கு உழைக்கும் இடம். ஒரு சொல்லுக்குள் இருவேறு உலகங்கள் இருத்தலை, அண்மையில் மாணாக்கர் சிலருடன் கொழும்பு மாநகருக்குச் சென்று வந்தபோது தெளிவாகக் கண்டேன்.

கீழைத்தேயத்தின் பூங்கா நகர் என ஒரு காலத்தில் புகழப்பெற்றது கொழும்பு. அதனைக் காணச் செல்லும் கல்விச் சுற்றுலா, நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நிகழ்வதுதான். விலங்குச்சாலை, கடற்கரை, கடைவீதி என ஓடியோடிக் கண்டு, இரவு களைத்து வீடு திரும்புவதே வழக்கம். கண்டது என்னவென்று மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், ‘பெரிய கட்டடங்களைக் கண்டு வியந்தோம்’ என்பதற்கு மேல் ஒரு வரி எழாது. வியப்பு நல்லதே. ஆனால் வியப்பவன் அயலான் ஆகிவிடுகிறான். நம் பிள்ளைகள் அந்நகரில் அயலார் அல்லர் என்பதே யான் இங்குச் சொல்ல விழைவது.

ரம்புக்கனைப் புகைவண்டி நிலையம் சமநிலமும் மலையும் கைகோக்கும் இடம். கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை இங்கே ஒற்றைப் பாதையாகிக் கடுகண்ணாவையை நோக்கி ஏறுகிறது. நாற்பத்துநான்கு அடி சென்றால் ஓரடி உயரும் கடும் ஏற்றம் அது. நீராவி எஞ்சின் காலத்தில் வண்டியின் பின்னே மற்றோர் எஞ்சினைப் பூட்டி உந்தித் தள்ளுவர். இத்துணை அரும்பாடுபட்டு இப்பாதையை இட்டது எதற்காக? காப்பிக்காக. 1865இல் அம்பேபுசைக்கும் 1867இல் கண்டிக்கும் எட்டிய அந்த இருப்புப்பாதை, மலைநாட்டுக் காப்பியைத் துறைமுகத்திற்கு இறக்குவதற்கென்றே எழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. பயிர் மாறிற்று, பாதை மாறவில்லை, சுமந்த தோள்களும் மாறவில்லை.

வண்டி கம்பகாவில் நின்றபோது மாணாக்கரிடம் ஒரு செய்தி சொன்னேன். அவ்வூரில் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டம் உள்ளது. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இங்கிலாந்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள், 1876இல் கடல் கடந்து வந்து வேரூன்றியது அங்கேதான். கேகாலை மாவட்டத்துக் குன்றுகளை மூடி நிற்கும் இறப்பர் மரங்களின் பிறந்தகம் அதுவே எனலாம். பொழுது புலருமுன் பால் வெட்டச் செல்லும் தாயரின் பிள்ளைகள் சிலர் அவ்வண்டியில் இருந்தனர். சிரட்டையும் ஒட்டுப்பாலும் தவிர அம்மரத்திற்கு ஒரு வரலாறும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தனர்.

கொழும்பில் இறங்கிய இடத்தின் பெயர் கோட்டை. கோட்டையைத் தேடினால் காணோம். ஒல்லாந்தர் வலுப்படுத்திய மதிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இடித்து நீக்கினர். மதில் போயிற்று, பெயர் நின்றது. அவ்வாறே கறுவாத்தோட்டத்தில் இன்று மாளிகைகள் உண்டு, நிழற்சாலைகள் உண்டு. கறுவாவைக் காண்பதுதான் அரிது. இழந்த பொருளை ஊர்ப்பெயர் காத்து வைத்திருக்கும் என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்றுகள்.

அக்கறுவாத்தோட்டத்து விகாரமகாதேவிப் பூங்காவில் நாங்கள் அமர்ந்திருந்தோம். மரநிழல் பரந்திருந்தது, எதிரே நகர மண்டபத்தின் வெண்ணிறக் குவிமாடம் விளங்கிற்று. புல் வெட்டும் ஒருவரை நெடுநேரம் நோக்கிய சிறுமியொருத்தி, “ஐயா, இந்தத் தோட்டத்துல பெரட்டு எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். உடனிருந்தோர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை. அவ்விடத்தைப் பற்றிக் கேட்கத்தக்க வினா அது ஒன்றே.

ஏனெனில், அவள் நினைத்த பொருளிலேயே அது ஒரு காலத்தில் தோட்டமாய் இருந்தது. காடுகளில் தானே வளர்ந்த கறுவாவை உரித்துவந்த ஒல்லாந்தர், 1769ஆம் ஆண்டளவில், பால்க் என்னும் ஆளுநர் காலத்தில், மருதானைப் பகுதியில் அதனைப் பயிரிடத் தொடங்கினர். கொம்பை வெட்டி, மேற்றோலைச் சீவி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்பட்டையை முறியாமல் உரித்துச் சுருட்டுதல் நுண்ணிய கைத்தொழில். அதனைக் கட்டாய ஊழியமாகச் செய்தவர் சலாகம குலத்தார். அவர்தம் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தோர் என்பது மரபு. களவாகக் கறுவா வெட்டியவர்க்கும் விற்றவர்க்கும் மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் அன்று இருந்தது. 1833இல் கறுவா வணிகத்தின் அரசுரிமை ஒழிந்தது. காலப்போக்கில் விலை வீழ்ந்தது. நிலம் துண்டு துண்டாகக் கைமாறிச் செல்வர் மனைகளாயிற்று. கண்ணுக்கினிய அப்பூங்கா நகரின் புல்லுக்கடியில் உழைப்பாளியின் வியர்வை கிடக்கிறது.

நிற்க. அப்பூங்காவிற்கு அணித்தே தேசிய நூதனசாலை உள்ளது. ஆளுநர் கிரெகரி காலத்தில் எழுந்து, 1877 சனவரி முதல் நாளன்று திறக்கப்பெற்ற வெண்மாளிகை அது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்காயர். பரிசில் யாது வேண்டும் என ஆளுநர் வினவியபோது, பொன்னும் பதவியும் கேளாது, வெள்ளிக்கிழமைதோறும் அதனை மூடிவைக்க வேண்டினார் என்பர்.

தமிழாசிரியர் எவரும் அங்குக் காணாது மீளக்கூடாத கல் ஒன்றுண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டினைப் பொறித்துக் கொணர்ந்த மும்மொழிக் கல்வெட்டு அது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீனம் புத்தபிரானைப் போற்றுகிறது. பாரசீகம் இசுலாத்தைப் போற்றுகிறது. தமிழ் தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. மூவகைத் தெய்வத்திற்கும் ஒத்த காணிக்கை கூறும் அக்கல்லில், அயல்நாட்டுச் சிற்பி வெட்டிய தமிழெழுத்தை மாணாக்கர் கூட்டெழுத்துப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்க்க விழைந்தனர். இந்நாட்டுக் கரையில் இறங்குவோர்க்குத் தமிழும் வேண்டியிருந்தது என்பதை நூறு பாடத்தினும் அக்கல் நன்கு உணர்த்திற்று.

கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரம் மற்றொரு பாடம். தூணைத் தொட்டால் தஞ்சையில் நிற்பதுபோல் தோன்றும்.

மாலையில் காலிமுகத்திடல் அடைந்தோம். 1859இல் ஆளுநர் வார்டு அவ்வுலாச்சாலையை நிறைவாக்கி, மகளிர்க்கும் சிறார்க்கும் உரியதாக அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டிக் கல்லில் பொறித்து வைத்தார். வடபால் கடலைத் தூர்த்து 269 எக்டேர் அளவில் புதுநகர் எழுகிறது. எஞ்சிய கடல் எம் பிள்ளைகளுக்குப் போதுமாயிருந்தது. அதனை முதன்முறை கண்டோர் அவருட் பலர், பேச்சற்று நின்றனர்.

நம் மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறாண்டு ஆனமை 2023இல் நினைவுகூரப்பட்டது. கறுவாத்தோட்டத்து நிலம் விலைக்கு வந்தது. வாங்கியோர் உரிமை பெற்றனர். நம் தோட்டத்து நிலமோ, அங்கு வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றிற்கு லயத்து முற்றத்தளவும் இன்னும் உரியதன்று. இதனைப் பிள்ளைகட்குச் சொல்லுதல் பகை மூட்டுதல் ஆகாது. கணக்குக் கற்பித்தல் ஆகும். துறைமுகமும் வங்கியும் மாளிகையும் எழுந்த செல்வத்தில், காப்பியும் தேயிலையும் இறப்பரும் இட்ட பங்கு எவ்வளவு என்பது அக்கணக்கின் முதல் வரி.

ஆதலின், ஆசிரியப் பெருமக்கள் இனிக் கொழும்புக்குச் செல்லுங்கால், புறப்படுமுன் ஒரு பாடவேளையை இவ்வரலாற்றிற்கு ஒதுக்குவார்களாக. எங்கே நின்றாலும், “இதற்கு உழைத்தவர் யார்?” என்று கேட்கப் பழக்குவார்களாக. அவ்வினாவைக் கற்ற பிள்ளை எம்மாளிகையின் முன்னும் கூசி நில்லாது. பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேட்ட சிறுமிக்கு அதனை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.