பூமிக்கடியில் பணம் – 9: பலாங்கொடையின் கறுப்புக் கல்

மாணிக்கக் குழியிலிருந்து ஏற்றிய ‘இல்லத்தை’, அதாவது மாணிக்கம் தங்கும் சல்லி மண்ணை, அலசுகிறவரின் கண், கூடையின் நடுவிலேயே நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் மூங்கிற் கூடையைச் சுழற்றச் சுழற்றக் களி கரைந்து போகும். பாரமில்லாத வெண்சல்லி விளிம்பால் வழிந்துவிடும். கனமானவை மட்டும் நடுவில் குவியும். கடைசிச் சுற்று முடிந்ததும் கூடையை வெயிலுக்குச் சரித்து, நீலமோ புஷ்பராகமோ வைடூரியமோ மின்னுகிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். மின்னாமல் எஞ்சுகிற கறுத்த சல்லிக்கு இரத்தினபுரிப் பக்கத்தில் ‘நம்புவ’ என்று பெயர். பார்த்து முடிந்தால் அது கரையில் கொட்டப்படும்.

பலாங்கொடைப் பக்கத்து ஓடைச் சல்லியில் இப்படிக் கிடந்த ஒரு கறுப்புக் கல்தான் 1904இல் லண்டன் ஆய்வுகூடங்களைப் பரபரப்பாக்கியது.

சென்ற வாரம் கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் பென்சிற்கரி எடுக்கிற கதையைப் பார்த்தோம். அது கண்டெடுத்து, தோண்டி, விற்று, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற தொழில். பலாங்கொடைக் கல்லின் கதை வேறு. கண்டெடுத்தாயிற்று, விற்றும் பார்த்தாயிற்று; ஆனால் சுரங்கம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது புரிந்தால், கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் யுரேனியம் தேடுகிற சிறு கம்பனிகள் மாதத்துக்கொரு அறிக்கை விடுவதை எப்படி வாசிப்பது என்பதும் புரிந்துவிடும்.

அந்தக் கல்லை அடையாளம் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக, நடராஜர் சிற்பத்தின் தத்துவத்தை மேற்குலகுக்கு விளக்கியவராக நமக்குத் தெரிந்த அதே குமாரசுவாமிதான். சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தது புவியியலும் தாவரவியலும். 1903இல் சிலோன் கனிமவள அளவைப் பிரிவின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. கிராமம் கிராமமாக நடந்து கல்லும் மண்ணும் சேகரிப்பது அவருடைய உத்தியோகம். உடன் சென்ற மனைவி எத்தெல் படமெடுத்தார். அந்த அலைச்சலில் கண்ட கைவினைஞர்களைப் பற்றித்தான் 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை அவர் வெளியிட்டார்.

பலாங்கொடை அடங்கிய சப்பிரகமுவையில் கிடைத்த அந்தக் கனத்த கறுப்புக் கல், சின்னச் சின்னக் கனசதுரங்களாக இருந்தது. தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் கனம். முதலில் அது யுரேனினைட் என்றுதான் எடுத்துக்கொள்ளப்பட்டது. யுரேனியத்தின் தலையாய தாது அது. லண்டனில் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர் விண்டம் டன்ஸ்டன் கல்லைப் பகுத்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு. யுரேனியம் பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேல். அதுவரை உலகம் அறியாத புதுக் கனிமம். ‘தோரியனைட்’ என்று பெயர் வைத்தார்.

காலம் அதற்குத் தோதாக இருந்தது. பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டு எட்டு ஆண்டுகள், கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டு ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதைவிட, அன்று தோரியத்துக்குக் கடைத்தெருவில் நல்ல கிராக்கி. தெருவிளக்கிலும் வீட்டு விளக்கிலும் வெள்ளை வெளிச்சம் தந்த காஸ் மேன்டில் வலையை தோரியம் உப்பில்தான் தோய்த்தார்கள். பெற்றோமக்ஸ் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சாம்பல் வலை நினைவிருக்கும். ஆக, கல்லுக்கு விலை கிடைத்தது; கப்பலும் ஏறியது.

கப்பலேறிய கல் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள்.

1904 இறுதியில், ஆங்கிலம் பழக லண்டன் வந்த ஜெர்மன் இளைஞர் ஓட்டோ ஹான், சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். சிலோன் தோரியனைட்டிலிருந்து பிரித்தெடுத்த சுமார் நூறு கிராம் பேரியம் உப்பை அவர் கையில் கொடுத்த ராம்சே, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். ஹானுக்குக் கதிரியக்கத்தில் முன்னனுபவம் கிடையாது. பிரித்துக்கொண்டே போனவருக்கு ரேடியத்தோடு இன்னொன்றும் அகப்பட்டது. 1905இல் அதை ‘ரேடியோதோரியம்’ என்று அறிவித்தார். அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட் முதலில் இதை நம்பவில்லை; தோரியம்-எக்ஸும் முட்டாள்தனமும் சேர்ந்த கலவை என்று ரதர்ஃபோர்டிடம் கேலி செய்தார். கடைசியில் ஹான் சொன்னதே சரியானது. கதிரியக்க ஆய்வே தொழில் என்று அவர் தீர்மானித்ததும் அதற்குப் பிறகுதான். 1938 டிசம்பரில், ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டறிந்தவரும் இதே ஹான்தான்.

ரேடியோதோரியத்தை தோரியத்திலிருந்து வேதியியல் முறையில் பிரிக்க எவராலும் முடியவில்லை. ஒரே தனிமம், வெவ்வேறு எடை என்ற எண்ணம் உருவாக இந்த முடியாமையும் ஒரு காரணம். 1913இல் அதற்கு ‘ஐசோடோப்’ என்று பெயரிட்ட ஃபிரெடெரிக் சோடி, அடுத்த சில ஆண்டுகளில் சாட்சி தேடியபோது எடுத்துக்கொண்டது சிலோனின் இன்னொரு தாதுவான தோரைட்டை. அதிலிருந்து எடுத்த ஈயத்தின் அணு எடை, சாதாரண ஈயத்துடையதைவிடக் கூடுதலாக இருந்தது. இன்னொரு பக்கம், லண்டனில் ஆர்தர் ஹோம்ஸ் 1911இல் பாறைகளின் வயதைக் கணக்கிட்டபோது, அவர் பட்டியலில் மூத்ததாக நின்றது சிலோன் மாதிரி ஒன்று: 160 கோடி ஆண்டு. (இலங்கை மாணிக்கச் சல்லியில் கிடைக்கும் சிர்கோன் கற்களுக்குப் பிற்கால அளவீடுகள் தரும் வயது சுமார் 55 கோடி ஆண்டு.)

இத்தனை புகழ் பெற்ற கல், ஏன் ஒரு சுரங்கமாகவில்லை?

இதற்குப் பதில் சொல்ல, நூறு ஆண்டு தாண்டி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள அத்தபாஸ்கா வடிநிலத்தின் ஓரத்தில் ஃபிஷன் எனர்ஜி என்ற சிறு கம்பனி, கூட்டாளியான இன்னொரு கம்பனியோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தது. ஜூனியர் கம்பனி என்று அந்தத் துறையில் சொல்வார்கள்: சொந்தச் சுரங்கம் கிடையாது, வருமானம் கிடையாது, பங்குச் சந்தையில் திரட்டிய பணமும், ஒரு தேடல் உரிமமும், சில புவியியலாளர்களும்தான் சொத்து. விமானத்தில் காமாக் கதிர் அளவிடும் கருவியைக் கட்டிப் பறந்தார்கள். 2011இல் தரையில் கதிர்வீசும் பாறாங்கற்கள் சிதறிக் கிடப்பது தெரிந்தது. பனியாறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள் அவை. பனியாறு வந்த திசையில் பின்னோக்கிப் போய் ஏரியோரம் துளையிட்டார்கள். 2012 நவம்பரில் ஒரு துளை தாதுவில் இறங்கியது.

பங்கு விலை எகிறியது. ஆனால் வேலை அப்போதுதான் தொடங்கியது. ஒரு துளையில் யுரேனியம் இருப்பதால் அது வைப்பு ஆகிவிடாது. பக்கத்தில் ஐம்பது மீட்டர் தள்ளி அது தொடர்கிறதா, எவ்வளவு தடிப்பு, எந்தச் சரிவு என்று நூற்றுக்கணக்கில் துளையிட்டு, உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைக்கிற கணக்கும் மூன்று படியாகத்தான் வெளிவரும்: ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளக்கப்பட்டது. அதன்பின் சாத்தியக்கூற்று ஆய்வு, சுற்றுச்சூழல் அனுமதி, அங்குள்ள பழங்குடி மக்களோடு உடன்பாடு, கடன். அதன் வழிவந்த ஃபிஷன் யுரேனியம் கம்பனியை 2024 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பலாடின் எனர்ஜி வாங்கியது. கண்டுபிடித்துப் பன்னிரண்டு ஆண்டு கழிந்திருந்தது. அதுவரை ஒரு பவுண்டு யுரேனியம்கூட அங்கிருந்து விற்பனைக்கு வரவில்லை.

இத்தனை படி எதற்கு? 1997இல் பிரே-எக்ஸ் என்ற கனடியக் கம்பனி, இந்தோனேசியாவின் புசாங்கில் மலைபோலத் தங்கம் இருப்பதாகச் சொன்னது பொய் என்று அம்பலமானது. மாதிரிப் பொடியில் வெளித் தங்கத்தைத் தூவியிருந்தார்கள். முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் இழந்தார்கள். 2001இலிருந்து கனடாவில், தகுதி பெற்ற நிபுணரின் பொறுப்பில்லாமல் இருப்புக் கணக்கு வெளியிட முடியாது. யுரேனியத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: விலை. 2007இல் ஒரு பவுண்டு 130 டொலரைத் தாண்டியது. 2011 ஃபுக்குஷிமா விபத்துக்குப் பிறகு சரிந்து 2016 இறுதியில் 20 டொலருக்கும் கீழே போனது. 2024 ஜனவரியில் மறுபடி 100ஐக் கடந்தது. துளையிடத் தொடங்கும்போது இருக்கிற விலை, தோண்டும்போது இருக்கும் என்று எவரும் கையெழுத்திட்டுத் தர முடியாது.

கிடைக்குமா என்று தெரியாமலே பலர் பணம் போட்டுத் தேடுகிற இந்த ஏற்பாடு இரத்தினபுரிக்காரருக்குப் புதிதல்ல. குழி வெட்டுவதும் பங்குத் தொழில்தான். காணிக்காரருக்கு ஒரு பங்கு, உரிமம் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் மெஷின்காரருக்கு ஒரு பங்கு, இறங்கி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பங்கு. கல் அகப்படும்வரை சாப்பாட்டுச் செலவை ஒருவர் ஏற்பார். பக்கச் சுவர் இடியாமல் றப்பர் மரக் கட்டைகளையும் கெக்கில்லைச் செடியையும் கொடுத்துக் கொடுத்து இறங்கி, இல்லம் வராமல் குழியை மூடிப்போன கதை ஊருக்கு ஊர் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். ஒரே ஒரு நல்ல நீலம் கிடைத்தால் குழிக்காரரின் கணக்கு நேராகிவிடும். யுரேனியத்தில் ஒரு கல்லுக்கு மதிப்பில்லை. டன் கணக்கில், ஒரே இடத்தில், தொடர்ச்சியாக வேண்டும்.

பலாங்கொடைக் கல் தோற்றது இந்த இடத்தில்தான். கையில் எடுத்த கல்லில் யுரேனியம் பத்துச் சதவீதத்துக்கு மேல். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1967இலிருந்து வெட்டுகிற தாதுவிலோ அது 0.1 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆனால் ஜாதுகுடாவில் அந்தச் சொற்ப அளவு பாறை முழுவதும் பரவித் தொடர்கிறது. பலாங்கொடையில் வளம் மிகுந்த கல், கூடை கூடையாகச் சல்லியை அலசினால் அகப்படும் ஒன்றிரண்டு துணுக்கு. சப்பிரகமுவை மலைகளின் அடிப்பாறை, பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை. அதை ஊடறுத்த பெக்மடைட் நரம்புகளில் தோரியனைட் ஆங்காங்கே விளைந்தது. பாறை உக்கி, மழை அரித்து, கனமான மணிகள் பள்ளத்தில் தங்கின. உலக உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் தருகிற கசகஸ்தானில் யுரேனியம் இருப்பது மணற்கல் படுகையில். அத்தபாஸ்காவிலும் பழைய பாறைக்கு மேல் மணற்கல் படிந்த எல்லையை ஒட்டித்தான். யுரேனியத்தைக் கரைத்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்துவைக்க நிலத்தடி நீருக்கு அப்படியொரு படுகை வேண்டும். அந்த அமைப்பு சப்பிரகமுவை மலைகளில் இல்லை.

அதற்காக, இந்த வகைக் கல்லிலிருந்து சுரங்கமே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கோண்ட்வானாக் கண்டத்தில் இலங்கைக்கு அயலாக இருந்த மடகாஸ்கரின் தெற்கில், பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் 1950களிலும் 60களிலும் யுரேனியம் மிகுந்த தோரியனைட்டை வெட்டி எடுத்தது. அங்கே அது பைரொக்சினைட் பாறையில் திரட்சி திரட்சியாக இருந்தது. பிரான்ஸுக்கு அணுத் திட்டம் இருந்தது, செலவழிக்க அரசு இருந்தது. அப்படியும் அந்தத் தொழில் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

கல் சுரங்கமாகாவிட்டாலும் ஆட்கள் உருவானார்கள். இந்தியப் புவியியலின் முன்னோடியான டி.என்.வாடியா 1938 முதல் 1944 வரை சிலோன் அரசின் கனிமவியலாளர். நாடு திரும்பியவர், 1949இல் இந்திய அணுசக்தி ஆணையம் கனிமத் தேடலுக்குத் தொடங்கிய பிரிவுக்குத் தலைமை ஏற்றார். ஜாதுகுடா யுரேனியத்தைக் கண்டது அந்தப் பிரிவுதான். மாணிக்கச் சல்லியும் சும்மா இருக்கவில்லை. 1953இல் எஹலியகொடையில் எஃப்.எல்.டி.ஏக்கநாயக்க ஒரு பச்சைக் கல்லைக் கண்டார். பார்வைக்கு அது மணிக்கல். உள்ளே தோரியமும் யுரேனியமும். 1961இல் அவர் பெயராலேயே ‘ஏக்கனைட்’ என்று அது பதிவானது. தன் கதிர்வீச்சாலேயே உள்ளமைப்புச் சிதைந்து கண்ணாடிபோல ஆகிவிட்ட கல் அது. சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவார்கள். மோதிரத்தில் பதித்து நாளெல்லாம் விரலில் போட்டுக்கொள்ள ஏற்றதல்ல.

நாளைக்கே ஒரு கம்பனி சப்பிரகமுவையில் தேடக் கிளம்பினால் என்ன நடக்கும்? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மண்ணுக்குள் இருக்கிற கனிமம் அரசுடையது. தேட உரிமம் தருவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். மாணிக்கத்துக்கு வேறு சட்டம், வேறு அதிகாரசபை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கத்தில் மேற்பரப்பில் இருப்பதோ தேயிலையும் றப்பரும். காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்துடையது. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருக்கிற தொழிலாளியின் கையில் பெரும்பாலும் காணி உறுதி கிடையாது. துளையிடும் மெஷின் லயத்தின் பின்பக்கம் வந்து நின்றால், உரிமத்துக்கும் நட்டஈட்டுக்கும் நடக்கிற பேச்சில் அவருக்கு எந்த நாற்காலி?

அந்தப் பேச்சு இதுவரை வராமல் போனதற்குப் பாறை அமைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் கடலுக்கு அக்கரையில் இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டி வந்த மணலில் மொனசைட்டைக் கண்டார். தோரியம் எடுக்க இனி ஓடையில் துணுக்குப் பொறுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் அள்ளினால் போதும். மணவாளக்குறிச்சியில் அந்த மணலை அள்ளத் தொடங்கிய கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)