ஒரு பச்சைக்கு ஒரு கார்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்களான மினியாபோலிஸ், செயின்ட் பாலில், விரைவுச்சாலைக்கு ஏறும் ரேம்ப்களில் சிக்னல் உண்டு. பச்சை விழுந்தால் ஒரே ஒரு கார் போகலாம். உடனே சிவப்பு. சில நொடி கழித்து அடுத்த கார். எதிரே சாலை தாராளமாக ஓடிக்கொண்டிருக்க, ரேம்பில் வரிசை நீண்டுகொண்டே போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? டிக் டே என்ற மாநில செனட்டர் அந்த எரிச்சலைச் சட்டமன்றத்துக்கே கொண்டுபோனார். 2000 அக்டோபரில் சுமார் 430 ரேம்ப் சிக்னல்களையும் சில வாரங்களுக்கு அணைத்துவிட்டு, என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தார்கள்.

ஒவ்வொரு காராக விடும் யோசனை புதிதல்ல. 1963-லேயே சிகாகோவின் ஐசனோவர் விரைவுச்சாலையில் ஒரு போலீஸ்காரர் ரேம்பில் நின்று கார்களை ஒவ்வொன்றாக விட்டார். கார்கள் கும்பலாக வந்து நுழைந்தால் பின்னால் வருபவர்கள் பிரேக் போடுவார்கள், நெரிசல் பிறக்கும். பிறந்துவிட்டால், அந்த இடத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் குறைந்துவிடும். அதனால்தான் நெரிசல் வருமுன் தடுக்கப் பார்க்கிறார்கள்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இப்போது விடும் கார் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள குறுகலான இடத்துக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும்? மழை பெய்தால் ஒரு கணக்கு, நடுவில் லாரி பழுதாகி நின்றால் வேறு கணக்கு. அங்கே நெரிசல் தெரிந்த பிறகு சிக்னலை இறுக்கினால், ஏற்கெனவே விட்ட கார்கள் வழியில் இருக்கும். கீசர் குழாயைத் திருப்பிவிட்டு, சூடு வரவில்லையே என்று மேலும் திருப்பிச் சுட்டுக்கொள்வது போலத்தான் இது.

1991-ல் மார்க்கோஸ் பாபஜார்ஜியூவும் சகாக்களும் வெளியிட்ட 'அலினியா' முறை ஆரூடமே பார்ப்பதில்லை. ரேம்ப் சேரும் இடத்தைத் தாண்டியதும் உள்ள உணரியின் மேல் எவ்வளவு நேரம் வண்டிகள் இருக்கின்றன என்று பார்த்து, வண்டி விடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அடைப்பு பக்கத்தில் இருந்தால் இது பிரமாதம். தொலைவில் இருந்தால் போதாது. அங்கே பயண நேரத்துக்கு ஒற்றை எண்ணை நம்பாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு சற்றுக் கையிருப்போடு விட வேண்டும். அதற்கு விலை, ரேம்பில் கூடுதல் காத்திருப்பு.

அந்த விலை தகுமா? மினசோட்டா சோதனையில் சிக்னல் அணைந்ததும் விரைவுச்சாலை கடத்திய வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன. விபத்துகள் 26 சதவீதம் கூடின. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. ரேம்ப் காத்திருப்பைக் கழித்தால் சிக்னல்கள் ஆண்டுக்கு மிச்சப்படுத்திய பயண நேரம் சுமார் 25,000 மணி நேரம்தான். எதிர்பாராத தாமதத்தில் மிச்சமோ சுமார் 26 லட்சம் மணி நேரம்! ஆக, இந்த சிக்னல் வேகத்துக்கானது அல்ல; எப்போது போய்ச் சேருவோம் என்ற நிச்சயத்துக்கானது.

டிக் டேயின் புகாரும் வீண்போகவில்லை. சிக்னல்கள் திரும்பியபோது ஒரு வரம்பும் கூடவே வந்தது: சாதாரண ரேம்பில் 4 நிமிடத்துக்கு மேல், ஒரு விரைவுச்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ரேம்பில் 2 நிமிடத்துக்கு மேல் யாரையும் காக்கவைக்கக் கூடாது.