அரை நொடியை எங்கே செலவழிப்பது?

வேகமும் விசையும் – 11

2013 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் புதிய 911 ஜிடி3 காரைத் திரை விலக்கிக் காட்டியபோது, அந்தப் பெயரை நேசித்தவர்களில் பலர் அதிர்ந்துபோனார்கள். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. 3.8 லிட்டர், 475 குதிரைத்திறன், 9,000 ஆர்.பி.எம். வரை சுழலும் வல்லமை. காணாமல் போனது கிளட்ச் பெடல்தான். 1999 முதல் ஜிடி3 என்றாலே மேனுவல் கியர்தான் என்றிருந்த வழக்கம் முறிந்து, ‘பிடிகே’ எனப்படும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டுமே கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. டர்போ இன்ஜினா, டர்போ இல்லாத இன்ஜினா என்று சென்ற வாரம் பார்த்தோம். பெர்ஃபாமன்ஸ் கார் வாங்க நினைப்பவரின் அடுத்த கேள்வி, ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பது. இதற்கு விடை தேட, 2013-க்குப் பிறகு இந்த ஒரே காருக்கு நேர்ந்தவற்றைக் கவனித்தாலே போதும்.

முதலில், அந்த முடிவுக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒரே பெட்டிக்குள் இரண்டு கிளட்ச்கள் இருக்கின்றன. 1, 3, 5, 7 ஆகிய கியர்கள் ஒன்றின் பொறுப்பு. 2, 4, 6 மற்றதன் பொறுப்பு. கார் இரண்டாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியர் பூட்டப்பட்டுத் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும் கணத்திலேயே மற்றது பிடித்துக்கொள்வதால் சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடுவதில்லை. மனிதர் கிளட்சை மிதித்து, லீவரைத் தள்ளி, மறுபடி கிளட்சை விடும்வரை கார் உந்துதல் இல்லாமல் உருள்கிறது. போர்ஷே இந்த நுட்பத்தை 1980-களிலேயே 956, 962 பந்தயக் கார்களில் சோதித்தது. 1986-ல் மோன்ஸாவில் அதைக் கொண்டே ஒரு பந்தயத்தையும் வென்றது. சாலைக் காரில் இதை 2003-ல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32. போர்ஷேயின் 911-க்கு அது 2008-ல் வந்தது.

பலன் என்ன என்பதை நிறுவனமே தரும் எண்கள் சொல்கின்றன. 2021-ல் வந்த ஜிடி3, பிடிகே கியர்பாக்ஸுடன் 100 கி.மீ. வேகத்தை 3.4 நொடியில் தொடுகிறது, மேனுவலில் 3.9 நொடி. அதே நிறுவனத்தின் 718 கேமன் ஜிடி4 காரில் இவை 3.9, 4.4. இரண்டு காரிலும் வித்தியாசம் சரியாக அரை நொடி. ஜிடி3-யில் மேனுவல் 17 கிலோ எடை குறைவு. உச்ச வேகமும் மணிக்கு 2 கி.மீ. கூடுதல். இருந்தும் பின்தங்குகிறது. கிளம்பும் முதல் கணத்தில் டயர் வழுக்காமல் கிளட்சைச் சரியான அளவில் பிடிப்பதிலும், அடுத்தடுத்த கியருக்கு மாறும் இடைவெளியிலும் அந்த அரை நொடி கரைந்துவிடுகிறது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் இதை முழுமையாக மீட்க முடியாது. எது வேகம் என்ற விவாதம் முடிந்துவிட்டது. அதை மீண்டும் கிளறுவதில் பயனில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016-ல் போர்ஷே 911 ஆர் என்ற காரை வெளியிட்டது. 500 குதிரைத்திறன், 1,370 கிலோ எடை, ஆறு கியர் மேனுவல் மட்டும். மொத்தம் 991 கார்களே தயாராயின. கைமாறும் சந்தையில் அவற்றின் விலை பட்டியல் விலையைவிடப் பல மடங்கு ஏறியது. மறு ஆண்டே ஜிடி3-யில் மேனுவல் திரும்பி வந்தது; வாங்குபவர் எதை விரும்புகிறாரோ அதைக் கூடுதல் கட்டணமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம். 2023-ல், 911 பிறந்து 60 ஆண்டு நிறைவையொட்டி வந்த எஸ்/டி காருக்கும் மேனுவல் மட்டுமே. அதே நேரத்தில், லேப் நேரத்தைக் குறைப்பதற்காகவே கட்டப்படும் ஜிடி3 ஆர்எஸ் காரில் பிடிகே மட்டுமே. ஒரே ஆலையின் பொறியாளர்கள், நேரத்தோடு போட்டியிடும் காருக்கு ஒன்றையும் சாலையில் ஓட்டி மகிழும் காருக்கு மற்றொன்றையும் பொருத்துகிறார்கள். இவர்கள் பழமைவாதிகளும் இல்லை, புதுமையைக் கண்டு அஞ்சுபவர்களும் இல்லை. காரின் பயன் எதுவோ அதை வைத்தே கியர்பாக்ஸை முடிவு செய்கிறார்கள். வாங்குபவரும் அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

அந்த அரை நொடியை எங்கே செலவழிக்கப் போகிறோம் என்று கேட்டுப் பார்ப்போம். ரேஸ் டிராக்கில் அதற்கு முழு மதிப்பு உண்டு. ஒரு சுற்றில் இருபது, முப்பது முறை கியர் மாற்றும்போது சிறுசிறு மிச்சம் சேர்ந்து பெரிதாகிறது. பொதுச் சாலையில் நிலைமை வேறு. அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வேக வரம்பு டெக்சஸில் ஒரு நெடுஞ்சாலையில் உள்ளது; அது சுமார் 137 கி.மீ. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதிவிரைவுச் சாலைகளில் கார்களுக்கு உச்ச வரம்பு 120. கேமன் ஜிடி4-ன் மேனுவல் கியர்பாக்ஸ் இரண்டாவது கியரிலேயே 130 கி.மீ.யைத் தாண்டிவிடும். சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டும் எவருக்கும் அரை நொடியை அறுவடை செய்யும் வாய்ப்பு அநேகமாக வாய்ப்பதே இல்லை. சாலையில் பயன்படுத்த முடியாத ஒரு திறனுக்காக, சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அனுபவிக்கக்கூடிய ஒன்றை விட்டுக்கொடுப்பது நல்ல பேரம் ஆகாது.

அப்படி எதை விட்டுக்கொடுக்கிறோம்? கியர் மாற்றுவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எந்தக் கியர், எப்போது என்று தீர்மானிப்பது ஒன்று. அந்தத் தீர்மானத்தைக் கையாலும் காலாலும் நிறைவேற்றுவது இன்னொன்று. 1989-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்த கியர்பாக்ஸோடு ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியது. பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதில் வென்றார். இரண்டாவது வேலை அன்றே இயந்திரத்தின் கைக்குப் போனது. முதல் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க ஃபார்முலா ஒன் சில ஆண்டுகள் அனுமதித்தது. 2004 முதல் முழு ஆட்டோமேட்டிக் முறையைத் தடை செய்தது. நேரமே உயிர்மூச்சான விளையாட்டுகூடத் தீர்மானிக்கும் பொறுப்பை ஓட்டுநரிடமே வைத்திருக்கிறது. அது ஓட்டும் திறமையின் ஒரு பகுதி என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘பேடில் இருக்கும்போது தீர்மானம் என் கையில்தானே இருக்கிறது? நிறைவேற்றும் வேலை வெறும் உடலுழைப்பு. அது போனால் என்ன?’ உழைப்பு மட்டுமே என்றால் போகட்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் அதில் அறிவும் கலந்திருக்கிறது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு வரும்போது, வலது காலின் ஒரு பகுதியால் பிரேக்கை அழுத்தியபடியே மறுபகுதியால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தின் வேகத்துக்கு இணையாக்க வேண்டும். இணையாகாவிட்டால் பின்சக்கரம் திமிறும், கார் தடுமாறும். இன்ஜின் எந்த வேகத்தில் சுழல்கிறது, டயருக்கு எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் காது, கால், முதுகு வழியாக ஓட்டுநருக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. பேடிலைத் தட்டும்போது இந்தக் கணக்கைக் கணினி பிழையின்றிப் போட்டுவிடுகிறது. ஓட்டுநருக்குக் கற்றுக்கொள்ள மிஞ்சுவது குறைவு. மூன்றாம் ஆண்டில் முதல் நாளைவிடத் திறமையாக ஓட்டுகிறோம் என்ற நிறைவை மேனுவல் தருவதுபோல் பேடில் தருவதில்லை. வயலின் வாசிப்பதும் ஒலிப்பதிவைக் கேட்பதும் இசைதான். வாசிப்பவருக்கு மட்டுமே கை பழகுகிறது.

இதைச் சொல்வதால் எல்லாப் பெர்ஃபாமன்ஸ் காருக்கும் மேனுவலே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. காரின் குணம் இங்கே பெரிதும் தீர்மானிக்கிறது. டர்போ இல்லாமல் 9,000 ஆர்.பி.எம். வரை ஏறும் இன்ஜினில், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு கணமும் வேறுபாட்டை உண்டாக்கும். சரியான கியரைப் பிடிப்பவருக்கு இன்ஜின் உடனே பரிசளிக்கும். கோர்டன் மர்ரே தன் டி.50 காரில் 12,100 ஆர்.பி.எம். வரை சுழலும் வி12 இன்ஜினுடன் ஆறு கியர் மேனுவலைப் பொருத்தியதும், காரின் எடையை ஆயிரம் கிலோவுக்குள் அடக்கியதும் ஒரே சிந்தனையின் இரண்டு முகங்கள். குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க்கையும் கொட்டிவிடும் பெரிய டர்போ இன்ஜினில் மூன்றாவது கியரும் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தள்ளும். கியர் மாற்றும் கலைக்கு அங்கே இடம் குறைவு. பிஎம்டபிள்யூவின் 2020-ஆம் ஆண்டு எம்3, மேனுவலில் 480 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு வந்தது. 510 குதிரைத்திறனும் 650 நியூட்டன் மீட்டரும் கொண்ட காம்பெடிஷன் வகைக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கனமான, டார்க் மிகுந்த, நீண்ட தூரம் விரையும் காரை வாங்குபவர் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் அவர் எதையும் இழப்பதில்லை. 2020 மாடல் கார்வெட் மேனுவலைக் கைவிட்டபோது பெரிய வருத்தம் எழுந்தது. ஆனால் 1953-ல் பிறந்த முதல் கார்வெட்டே இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்கோடுதான் வந்தது. மேனுவல் இல்லாவிட்டால் ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்பது வரலாற்றுக்கும் பொருந்தாத வாதம்.

நடைமுறை சார்ந்த மறுப்புகளும் உண்டு, அவை நியாயமானவை. ரேஸ் டிராக்கில் நான்காவதுக்கு மாற வேண்டியவர் அவசரத்தில் இரண்டாவதுக்கு லீவரைத் தள்ளிவிட்டால், சக்கரமே இன்ஜினை வரம்பு மீறிச் சுழற்றி வால்வுகளை நொறுக்கிவிடும். ஆர்.பி.எம். வரம்புக் கருவியால் இதைத் தடுக்க முடியாது. டூயல் கிளட்ச் கியர்பாக்ஸோ அந்தக் கட்டளையையே ஏற்காது. மாதந்தோறும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய் நேரத்தைக் குறைக்கப் பாடுபடுபவருக்கு இது கனமான காரணம். நெரிசலும் அப்படித்தான். ஒரே காரை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் கத்திப்பாராவைக் கடக்க வேண்டியவருக்குக் கிளட்ச் பெடல் ஒரு தண்டனையாகிவிடும். களைத்த கால் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையிலும் மகிழ்ச்சியைத் தராது. ஆனால் நெரிசல் ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான வாதமும் அன்று. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது எண்ணெய்க் குளிர்ச்சி இல்லாத உலர் டூயல் கிளட்ச் வகைகள் விரைவில் சூடேறும். பழுதானால் செலவும் மேனுவலைவிட அதிகம். நெரிசலுக்காகவே ஆட்டோமேட்டிக் தேடுபவர், எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதையும் கேட்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வகை இந்தச் சோதனையை நன்றாகத் தாங்கும்.

இந்தக் கேள்வி கோடிகளில் விலைபோகும் கார்களுக்கு மட்டும் உரியதும் அன்று. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தயாராகும் ஹூண்டாயின் கிரெட்டா என் லைன் 160 குதிரைத்திறன் டர்போ இன்ஜினோடு மேனுவலிலும் கிடைக்கிறது, ஏழு கியர் டூயல் கிளட்சிலும் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டிலும் இதே தேர்வு காத்திருக்கிறது. இந்த அளவு திறன் கொண்ட காரில்தான் மேனுவலுக்கு மதிப்பு அதிகம் என்பேன். 500 குதிரைத்திறன் காரை இரண்டாவது கியரில் முழுதாக அழுத்தினாலே வேக வரம்பு வந்துவிடும். 160 குதிரைத்திறன் காரில் இரண்டு, மூன்று என்று கியரை மாற்றி, இன்ஜினை முழுவதும் உழைக்கவைத்து, அப்போதும் சட்டத்துக்குள் இருக்க முடியும். ஏற்காடு, கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளில் கியர் தேர்வு ஒவ்வொரு வளைவிலும் கேட்கப்படும் கேள்வி. அதற்குத் தானே பதில் சொல்ல விரும்புபவர் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. மேனுவல் பெரும்பாலும் விலை குறைவாகவே கிடைக்கிறது.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்கு நேர்மையாக விடை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கார் அதிகம் ஓடப்போவது டிராக்கிலா, நகர நெரிசலிலா, திறந்த சாலையிலா? இதன் இன்ஜின் மேலே சுழன்று பலன் தருவதா, கீழேயே டார்க்கைக் கொட்டுவதா? ஓட்டும் திறமையை வளர்த்துக்கொள்ள எனக்கு உண்மையான விருப்பம் இருக்கிறதா? டிராக், நெரிசல், டார்க் என்று விடைகள் அமைந்தால் தயங்காமல் ஆட்டோமேட்டிக் வாங்கலாம். திறந்த சாலை, உயரச் சுழலும் இன்ஜின், கற்கும் ஆர்வம் என்று அமைந்தால் மேனுவலை வாங்குங்கள். இன்னும் தாமதிக்காமல் வாங்குங்கள். 2024-ல் கோல்ஃப் ஜிடிஐ தன் மேனுவலை நிறுத்திவிட்டது. பட்டியல் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. வாங்குபவர்கள் கேட்டதால்தான் 2017-ல் ஜிடி3-க்குக் கிளட்ச் பெடல் திரும்பியது. கேட்பவர்கள் இல்லாமல் போனால் எந்த நிறுவனமும் அதை நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்காது.

(அடுத்த வாரம்: வேகத்தைக் கூட்டுவதைவிடக் கடினமான வேலையான அதைக் குறைப்பது, பிரேக்குகளைப் பற்றி.)