நரம்பு இழுத்தால் மாஸ்க்கைக் கழற்றலாமா?

உறங்கும் உடல் – 17

இரவு இரண்டரை மணி. ஆடுசதை திடீரென்று முறுக்கிக்கொண்டு கல்லாக இறுகுகிறது. பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைகிறது. அலறிக்கொண்டு எழுகிறவரின் கை, வலிக்கிற காலுக்குப் போவதற்கு முன்னால் முகத்துக்குப் போகிறது. மாஸ்க்கின் பட்டையைப் பிடுங்கித் தலையணைக்கு அப்பால் எறிகிறார். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் மெஷின் வாங்கிய முதல் சில வாரங்களில் இது நடக்கிற வீடுகள் உண்டு. “இந்த மெஷின் வந்த பிறகுதான் கால் இப்படி இழுக்குது” என்று மறுநாள் காலையிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் மெஷின் பீரோ மேலே ஏறிவிடுகிறது. மாஸ்க்கின் அளவு பொருந்தாமல் போவதையும் வாய் உலர்வதையும் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவை மெஷினோடு வரும் குறைகள். மெஷினிலேயே சரிசெய்து கொள்ளலாம். கால் இழுப்பதை அந்தக் கணக்கில் எழுத முடியாது. மெஷினால் கால் இழுக்கிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. மெஷினை நிறுத்தினால் உடம்பு கெடுகிறது என்பதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது.

முதலில் இந்த வலி எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். குரக்குவலி என்பது அகராதிச் சொல். கெண்டைக்கால் பிடிப்பு என்று டாக்டரிடம் சொல்கிறோம். வீட்டில் சொல்வது “நரம்பு இழுத்துக்கிச்சு” என்பதுதான். மூன்றில் இந்தப் பேச்சு வழக்கே இன்றைய உடலியலுக்கு மிக அருகில் இருக்கிறது. தசை தானாக முறுக்கிக்கொள்வதில்லை. அதைச் சுருங்கச் சொல்லும் இயக்க நரம்பு, யாரும் கேட்காமலே சரமாரியாகக் கட்டளை அனுப்புகிறது. தசை அதற்குக் கீழ்ப்படிந்து இறுகுகிறது. படுக்கையில் பாதம் தளர்ந்து முன்னால் சாயும்போது ஆடுசதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில்தான் கிடக்கிறது. தசை இழுபடும்போது ‘போதும், தளர்த்து’ என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும் உணர்விகள் தசைநாணில் இருக்கின்றன. சுருங்கிக் கிடக்கும் தசையில் அவற்றின் குரல் மங்கிவிடுகிறது. தடுக்க ஆளில்லாமல் நரம்பு ஓங்கிவிடுகிறது. பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கினால் வலி விடுவதற்குக் காரணம் இதுதான்: தசை நீள்கிறது, அந்த உணர்விகள் மறுபடி பேசத் தொடங்குகின்றன. உப்பு குறைந்துவிட்டது, சத்து போதவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் இரவில் மட்டும் கால் இழுப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் உப்புகளின் அளவு சரியாகவே இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், வெயிலில் வியர்வை கொட்ட உழைப்பவர்களும் அந்தப் பொதுக்கணக்கில் அடங்க மாட்டார்கள்.

சரி, மெஷின் வந்த அதே வாரத்தில் ஏன் வந்தது? முன்பும் வந்துகொண்டிருந்திருக்கலாம் என்பது என் முதல் பதில். பெரியவர்களில் 60 சதவீதம் பேர் வரை எப்போதாவது இரவில் கால் இழுப்பை அனுபவித்திருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வயது ஏற ஏற அது கூடுகிறது. மூச்சுத்தடை நோயாளிகளிலும் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே உள்ளவர்கள். இரண்டு நோய்க்கும் ஆட்கள் ஒரே கூட்டத்திலிருந்து வருகிறார்கள். கடுமையான மூச்சுத்தடை என்றால் மணிக்கு 30 தடவை அல்லது அதற்கும் மேல் மூச்சு நிற்கிறது, அல்லது குறைகிறது. இரவு முழுக்கத் திணறிப் புரண்டவருக்கு இடையில் ஒருமுறை கால் இழுத்தது காலையில் தனியாக நினைவிருக்க வேண்டிய அவசியமில்லை. திணறல் அடங்கியதும் கால் மட்டும் தனியே தெரிகிறது. இன்னொன்று, படுக்கும் விதம். புதிதாக மாஸ்க் மாட்டியவர் அது நகர்ந்து காற்று கசியுமோ என்ற பயத்தில் மல்லாந்தே கிடக்கிறார், புரளுவதில்லை. பாதம் முன்சாய்ந்து, அதன்மேல் போர்வையின் கனமும் சேர்ந்து, மணிக்கணக்கில் ஆடுசதை சுருங்கியே இருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் மேலே சொன்ன நரம்புக் கணக்கோடு பொருந்துகிற ஊகம். சோதித்துப் பார்க்கச் செலவும் கிடையாது: ஒருக்களித்துப் படுத்து, கால்மாட்டில் போர்வையைத் தளர்த்திவிட்டால் போதும்.

மெஷின் கால் விஷயத்தில் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதற்கும் சில தடயங்கள் இருக்கின்றன. அவை எதிர்த் திசையையே காட்டுகின்றன. தொண்டை அடைத்த நிலையில் மூச்சை இழுக்க முயலும்போது மார்புக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எண்ணி, உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளும் ஹார்மோனைச் சுரக்கிறது. மூச்சுத்தடை உள்ளவர்கள் ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது இதனால்தான். மெஷின் போட்டதும் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. அதாவது இரவில் உப்பும் நீரும் வீணாவதை மெஷின் தடுக்கிறதே தவிரக் கூட்டவில்லை. 2014இல் அமெரிக்காவின் உறக்க மருத்துவ இதழ் ஒன்றில், மூச்சுத்தடையோடு தசைப்பிடிப்பும் இருந்த நான்கு பேருக்குச் சிபாப் சிகிச்சையால் பிடிப்பு நின்றுபோனதாகக் குறிப்பு வெளியானது. நான்கு பேரை வைத்து ஒரு விதியை எழுதிவிட முடியாது. ஆனாலும், மெஷின்தான் காலை இழுக்கிறது என்று சொல்கிறவர் இந்த நான்கு பேருக்கும் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். மெஷின் போட்ட இரவுகளில் கால்கள் அதிகம் உதறுவதை ஸ்லீப் ஸ்டடியிலேயே பார்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். கடுமையான மூச்சுத்தடை உள்ள சிலரிடம் சிகிச்சை தொடங்கியதும் சீரான இடைவெளியில் வரும் கால் அசைவுகள் கூடியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மூச்சுத்தடை மறைத்து வைத்திருந்தது இப்போது வெளியே தெரிகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது. ஆனால் அந்த அசைவில் வலி கிடையாது. உதறுகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் படுத்தவர் சொன்னால்தான் உண்டு. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, எழுந்து நடந்தால் அடங்குவது இன்னொரு நோய். அதற்கு ரத்தத்தில் இரும்புச்சத்தின் இருப்பைப் பார்க்க வேண்டும். தசை உருண்டு கல்லாகி, விட்ட பிறகும் மறுநாள் வரை தொட்டால் வலித்தால்தான் அது குரக்குவலி. இந்த மூன்றையும் ஒரே பெயரில் டாக்டரிடம் சொல்வதால் தவறான மருந்து எழுதப்படும் ஆபத்து இருக்கிறது.

“இரண்டு நாள் மெஷினை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே” என்பது இன்னும் பலமான வாதம். அந்தச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும் என்பதற்கு, சம்பந்தமில்லாத ஓர் ஆய்விலேயே சாட்சி இருக்கிறது. 2017இல் இஸ்ரேலில், இரவில் கால் இழுக்கும் 94 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெக்னீசியமும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ எட்டாக இருந்த இழுப்பு நாலரையாகக் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எட்டரையிலிருந்து ஐந்தரைக்கு வந்துவிட்டது. குரக்குவலி அலைபோல ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்து இறங்கவே செய்யும். அந்த நேரத்தில் மெஷினை நிறுத்தியவருக்கு ‘நிறுத்தினேன், நின்றது’ என்று தோன்றிவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்கும். ஆனால் மெஷினை நிறுத்தியதன் பலன் அப்படி மழுப்பலாக இருப்பதில்லை. சூரிச்சில் 2011இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே மெஷினால் நலமாக இருந்த 41 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் பயன்தராத அழுத்தத்தில் மெஷினை ஓட்டினார்கள். மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் திரும்பி வந்தன. தொடர்ந்து சிகிச்சையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் காலை நேரத்து மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 8.5 புள்ளி கூடியிருந்தது. இரண்டே வாரத்தில் இவ்வளவு.

மெஷினால் ஆயுள் கூடும் என்று நிரூபணம் இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு. 2016இல் வெளியான ‘சேவ்’ என்ற பெரிய ஆய்வு, இதய, மூளை ரத்தநாள நோய் உள்ள 2,700 பேர் அளவில் நடந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சிபாப் பிரிவில் குறையவில்லை. அந்த முடிவை நான் ஒளித்து வைக்க விரும்பவில்லை. கூடவே சொல்ல வேண்டியது, அந்த ஆய்வில் இருந்தவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம் மட்டுமே மெஷின் போட்டிருந்தார்கள் என்பது. அப்படியிருந்தும் அவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. பஸ், லாரி ஓட்டுகிற ஒருவருக்குப் பகலில் கண் சொருகாமல் இருப்பது மாரடைப்புக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டிய நன்மை அல்ல. நடு இரவில் கால் இழுத்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு விடியும்வரை போடாமல் படுப்பவர், அந்த 3.3 மணி நேரக் கூட்டத்தில்தான் சேர்கிறார்.

மருந்துக் கடையில் என்ன கிடைக்கும் என்பதை விரைவாகவே சொல்லிவிடலாம். மெக்னீசியத்தின் கதையை மேலே பார்த்தோம். அது சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் தேங்கும். அந்தக் காலத்துக் கொய்னா மாத்திரை கால் இழுப்பைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் ரத்தத் தட்டணுக்களை அபாயகரமாகக் குறைக்கவும் இதயத் துடிப்பைக் குலைக்கவும் கூடியது என்பதால், இதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்துவிட்டது. வைட்டமின் கே2 பற்றி 2024இல் சீனாவிலிருந்து நம்பிக்கை தரும் ஓர் ஆய்வு வந்திருக்கிறது: 65 வயதைத் தாண்டிய 199 பேர், எட்டு வாரம், கே2 சாப்பிட்ட பிரிவில் வாரத்துக்கு இரண்டரை முறைக்கு மேல் இருந்த இழுப்பு ஒன்றுக்கும் கீழே வந்தது. ஒரே ஓர் ஆய்வு என்பதால் நான் இன்னும் காத்திருக்கவே சொல்வேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

எனக்கு நம்பிக்கை இருப்பது தசையை நீட்டும் பயிற்சியில். இதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2005இல் பிரிட்டனில் 191 பேரிடம் நடந்த ஆய்வில் பயிற்சியால் பலன் தெரியவில்லை. 2012இல் நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரில் ஒரு பிரிவினர், தூங்கப் போகும் முன் ஆடுசதையையும் பின்தொடையையும் ஆறு வாரம் நீட்டினார்கள். அவர்களுக்கு இழுப்பு தெளிவாகக் குறைந்தது. இரண்டாவதை நான் ஏற்பதற்குக் காரணம், பயிற்சி படுக்கும் நேரத்தை ஒட்டி நடந்தது என்பதும், நரம்பின் கணக்கோடு அது பொருந்துகிறது என்பதும், தவறினாலும் நஷ்டமில்லை என்பதும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். பத்து விநாடி, மூன்று முறை. பிறகு ஒரு துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தவுடன் எழ வேண்டாம். துண்டின் நடுப்பகுதியை விரல்களுக்குச் சற்றுக் கீழே, பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நேராக வைத்து, இரு முனைகளையும் மார்பை நோக்கி மெல்ல இழுங்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கும். நின்றால்தான் விடும் என்பவர்கள், பட்டையை அவிழ்க்காமல் குழாயை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான மாஸ்க்குகளில் அதற்கென்றே மூக்கருகே ஓர் இணைப்பு இருக்கிறது. தரையில் குதிகாலை அழுத்தி ஊன்றி, வலி விட்டதும் குழாயை மாட்டிப் படுத்தால் தூக்கத்தில் ஐந்து நிமிடம்தான் போயிருக்கும்.

இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால், மெஷினைப் பார்ப்பதற்கு முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். மூச்சுத்தடை உள்ளவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள். பெயரின் கடைசியில் ‘ஹெச்’ என்ற எழுத்து சேர்ந்த பல மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்திருக்கிறது. சிறுநீர் பெருக்கிகளில் சில வகைகளுக்கும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் நீண்டநேர இன்ஹேலர்களுக்கும் கால் இழுப்போடு தொடர்பு இருப்பதைக் கனடாவில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்து உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது குரக்குவலி அல்ல, ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடந்தால் வலித்து நின்றால் விடுவது ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளம்.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கால், எத்தனை மணி, மல்லாந்தா ஒருக்களித்தா, அன்று மாலை எவ்வளவு நேரம் நின்றீர்கள். பல மெஷின்களின் கார்டிலோ செயலியிலோ, மாஸ்க் எந்த நேரத்தில் போடப்பட்டது, எப்போது கழன்றது, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் இழுத்த இரவுகளில் மாஸ்க் முகத்தில் இருந்ததா, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழன்று கிடந்ததா என்று விரலை வைத்து வரிவரியாகப் பாருங்கள்.